பெயர் சுட்டாக் காதலும் பெயர் சுட்டிய போரும்: வரலாற்றுக் காதற் புதினத்தின் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

வரலாற்றுப் புதினம் தமிழ் இளைஞரிடையே பெற்றுள்ள செல்வாக்கை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பல்லவரையும் சோழரையும் பாடநூலில் கற்பதற்கு முன்பே கதையிற் கண்டு களித்தோர் நம்முட் பலர். ஆயினும் இவ்விலக்கிய வகைமேல் இரு திசையினின்றும் குறை கூறப்படுகின்றது. காதற்கதை புகுந்தமையால் வரலாறு திரிபுற்றது என்பர் வரலாற்றறிஞர். வரலாறு புகுந்தமையால் காதல் வெறும் ஒப்பனையாயிற்று என்பர் திறனாய்வாளர். இவ்விரு கூற்றும் உண்மையாயின், வரலாற்றுக் காதற் புதினம் இளையோர் கையிற் கொடுக்கத்தக்கதன்று என்றே முடியும்.

அவ்வாறு முடிவு கட்டுமுன், இவ்வகையை முதன்முதல் செவ்விதின் அமைத்த ஆசிரியர் தம் முதற் புதினத்தை எழுதுங்கால் எவ்விடர்ப்பாடுகளைக் கண்டார், அவற்றை எங்ஙனம் எண்ணித் தீர்த்தார் என்பதை அறிதல் முறையாகும். அவ்வாசிரியர் ஸ்காத்துலாந்து நாட்டு வால்ட்டர் ஸ்காட். அந்நூல் 1814-இல் வெளிவந்த 'வேவர்லி'. முதற் புதினம் எழுதுவோர் தம் தொழிலைப் பற்றித் தாமே பேசுவது அரிது. ஸ்காட்டோ, இருமுறை பேசியுள்ளார்: நூலின் முதல் இயலிலேயே ஒருமுறை, பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1829-இல் தம் புதினங்களின் தொகுப்புப் பதிப்பிற்கு எழுதிய பொது முன்னுரையில் மற்றொருமுறை. இவ்விரு சான்றுகளையும் புதினத்தின் அமைப்போடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அவ்வுண்மை தமிழ் அகப்பொருள் மரபறிந்தார்க்குப் புதியதன்று.

2. கைவிட்ட ஏடும் கற்ற பாடமும்

ஸ்காட் 1771-இல் எடின்பரோவிற் பிறந்தவர். சட்டம் பயின்று நீதித்துறைப் பணி புரிந்தவர். புதினம் எழுதப் புகுமுன்பே கதைப் பாட்டுகளாற் பெரும்புகழ் எய்தியிருந்தார். பொது முன்னுரையில் அவர் கூறுமாறு, 1805-ஆம் ஆண்டளவில் 'வேவர்லி'யின் தொடக்கப் பகுதியை எழுதி நண்பர் ஒருவரிடம் காட்டினார். நண்பர் பாராட்டவில்லை. ஈட்டிய கவிப்புகழை இழக்க அஞ்சிய ஸ்காட் ஏட்டை மேசையறையில் இட்டு மறந்தார். பல ஆண்டுகட்குப்பின், விருந்தினர் ஒருவர்க்காகத் தூண்டிற் கருவி தேடியபொழுது அவ்வேடு அகப்பட, எழுதி முடித்தார். நூல் 1814 சூலைத் திங்களில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆயிரம் படிகள் கொண்ட முதற்பதிப்பு விரைவில் விற்றுத்தீர, அவ்வாண்டிலேயே மறுபதிப்புகள் வேண்டப்பட்டன. தாமே ஆசிரியர் என்பதை அவர் பொதுமேடையில் ஒப்புக்கொண்டது 1827-இல் தான்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கற்ற பாடம் ஒன்று குறிக்கத்தக்கது. ஜோசப் ஸ்ட்ரட் என்னும் தொல்பொருள் அறிஞர், ஆறாம் ஹென்றி காலத்தைக் களமாகக் கொண்டு 'குவீன்ஹூ ஹால்' என்னும் கதையை முடிக்காமலே இறந்தார். அதனை முடித்து 1808-இல் வெளிக்கொணர உதவியவர் ஸ்காட். அந்நூல் வரவேற்புப் பெறவில்லை. உடை, உணவு, விளையாட்டு ஆகியவற்றில் ஸ்ட்ரட்டினும் வல்லார் அக்காலத்து அரியர். அவ்வாறிருந்தும் நூல் தோற்றமைக்கு ஸ்காட் காட்டும் காரணம், அதன் மொழி மிகப் பழையது, தொல்லறிவு மிக வெளிப்படையானது என்பதே. கற்றதனைத்தையும் கதையில் இறக்கிவைக்கும் ஆசை, வரலாற்றுப் புதினம் எழுதப் புகுவோர்க்குரிய முதல் நோய். ஸ்காட் அந்நோயைப் பிறர் நூலிற் கண்டு தம் நூலில் தவிர்த்துக்கொண்டார். அயர்லாந்து மக்களின் வாழ்வை அயலார்க்கு உணர்த்திய மரியா எட்ஜ்வொர்த் அம்மையாரின் கதைகளே தமக்கு ஊக்கம் தந்தன என்பதையும் அவர் நன்றியுடன் குறிக்கின்றார்.

3. காலமும் உணர்வும்

'வேவர்லி'யின் துணைத்தலைப்பு, கதை அறுபது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது என்கின்றது. எழுதத் தொடங்கிய 1805-லிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டது இக்கணக்கு. நூல் வெளிவந்தபொழுது ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியும் துணைத்தலைப்பு மாற்றப்படவில்லை. இக்கால அளவு தற்செயலாக அமைந்ததன்று. மிகப் பழங்காலமாயின் படிப்போர்க்கு அயன்மை தோன்றும். நிகழ்காலமாயின் நாகரிகப் புறத்தோற்றமே கண்ணைக் கவரும். இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைக் கொண்டால், ஆடையணிகளின் கவர்ச்சி நீங்கி மாந்தரின் உள்ளமே கதைக்குப் பொருளாகும் என்பது முதல் இயலில் அவர் கூறும் கருத்து. இரும்புக் கவசம் அணிந்த நெஞ்சிலும் பட்டாடை அணிந்த நெஞ்சிலும் இயங்கும் உணர்ச்சி ஒன்றே. அதன் நிறம் மட்டும் காலந்தோறும் வேறுபடும் என்பது அவர் கொள்கை.

இதனைத் தொல்காப்பியர் வகுத்த முப்பொருட் பாகுபாட்டோடு ஒப்பிடலாம். முதற்பொருளும் கருப்பொருளும் நிலத்தாலும் பொழுதாலும் வேறுபடுவன. உரிப்பொருளாகிய ஒழுக்கம் மக்கட்குப் பொதுவாய் நிற்பது. ஸ்ட்ரட் கருப்பொருளைக் குவித்து உரிப்பொருளை இழந்தார். ஸ்காட் உரிப்பொருளை நடுவில் நிறுத்தி ஏனையவற்றை அதற்குச் சார்பாக்கினார். ஒரு மரபு மற்றொன்றினின்றும் தோன்றியது என்பது இதன் கருத்தன்று. ஒரே இடர்ப்பாட்டிற்கு இரு நாட்டார் கண்ட விடைகள் ஒத்துள்ளன என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

4. கதையும் களமும்

1688-இல் அரியணை இழந்த ஸ்டூவர்ட் மரபினர்க்கு மீண்டும் ஆட்சியைப் பெற்றுத்தர, சார்லஸ் எட்வர்டு என்னும் இளவரசர் 1745-இல் ஸ்காத்துலாந்தில் வந்திறங்கி மலைநாட்டுக் குலத்தலைவர்களைத் திரட்டினார். செப்டம்பர் 21-இல் பிரஸ்டன்பான்சில் வென்றார். டிசம்பரில் இங்கிலாந்தின் டார்பி வரை சென்று திரும்பினார். 1746 ஏப்ரல் 16-இல் கல்லோடனில் முற்றிலும் தோற்றார். அதன்பின் மலைநாட்டு உடை சட்டத்தாற் தடுக்கப்பட்டது. குலத்தலைவர்களின் வழிவழி நீதியுரிமை பறிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் ஒரு வாழ்க்கைமுறையே மறைந்தது. அம்மறைவைக் கண்டாரிடம் நேரிற் கேட்டு வளர்ந்தவர் ஸ்காட்.

இக்களத்தில் அவர் நிறுத்திய தலைவன் எட்வர்டு வேவர்லி என்னும் ஆங்கில இளைஞன். தந்தை ஆட்சியிலிருந்த அரசைச் சார்ந்தவர். வளர்த்த பெரிய தந்தையோ பழைய மரபிற்கு நெஞ்சளவில் அன்பு பூண்டவர். இளைஞன் பெரிய தந்தையின் நூலகத்தில் வரன்முறையின்றிக் காதற்கதைகளைப் படித்துக் கனவில் வளர்கின்றான். படைத்தலைவனாய் ஸ்காத்துலாந்து சென்றவன், விடுப்பில் பிராட்வர்டின் என்னும் முதியவரின் மனைக்கு வந்து அவர் மகள் ரோஸைக் காண்கின்றான். பின் மலைநாடு புகுந்து, பெர்கஸ் மாக்கைவர் என்னும் குலத்தலைவனின் தங்கை ஃபுளோராவை விரும்புகின்றான். ஃபுளோராவின் நெஞ்சமோ ஸ்டூவர்ட் மரபின் வெற்றி ஒன்றையே நாடுவது. அவள் அவனை ஏற்கவில்லை. எனினும் அவ்விருப்பத்தின் வழியே அவன் கிளர்ச்சிப் படையிற் சேர்கின்றான்.

பிரஸ்டன்பான்ஸ் போரில், அவனுக்கு முன்பு மேலதிகாரியாக இருந்த கார்டினர் வெட்டுண்டு வீழ்வதை அவன் காண்கின்றான். கார்டினர் வரலாற்றில் உண்மையாக வாழ்ந்தவர். அப்போரில் உண்மையாகவே மாண்டவர். கனவில் வளர்ந்த இளைஞன் விழிப்புறும் இடம் இதுவே. பகைவர்பக்கத்து டால்பட் என்னும் அதிகாரியை அவன் அதே போரிற் காக்கின்றான். அவரே பின்னர் அவனுக்கு மன்னிப்புப் பெற்றுத் தருகின்றார். பின்வாங்கும் படையினின்றும் பிரிந்துபோன அவன் கல்லோடனிற் போரிடவில்லை. பெர்கஸ் கார்லைல் நகரிற் கொல்லப்படுகின்றான். ஃபுளோரா பாரிசிலுள்ள துறவுமடம் சேர்கின்றாள். வேவர்லி ரோஸை மணக்கின்றான்.

ஃபுளோராவை விரும்பியது கதைநூல்களிற் கற்ற காதல். ரோஸை விரும்பியது வாழ்வில் உணர்ந்த காதல். முன்னதினின்றும் பின்னதற்கு அவனைக் கொண்டுசென்றது வரலாறு. ஆதலின் இந்நூலில் காதல் வரலாற்றிற்கு ஒப்பனையன்று. வரலாறு காதலுக்குத் திரைச்சீலையுமன்று. ஒன்று மற்றொன்றைச் சோதிக்கும் உரைகல்லாய் நிற்கின்றது.

5. பெயர் சுட்டும் மரபு

இவ்வமைப்பிற்கு அடிப்படையாய் நிற்பது பெயரைப் பற்றிய ஒரு தெளிவு. முதல் இயலில் ஸ்காட் தம் தலைவனுக்குப் பெயர் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றார். வரலாற்றிற் புகழ்பெற்ற குடிப்பெயர்களையும், முந்தைய கதைகளில் அடிபட்ட பெயர்களையும் விலக்கி, நன்மை தீமை எதனையும் முன்கூட்டி நினைவூட்டாத ஒரு பெயரை நாடியதாகவும், முதற்போர் புகும் வீரனின் எழுத்தில்லாத வெள்ளைக் கேடயம்போல் அஃது அமைய வேண்டுமென எண்ணியதாகவும் அவர் சொல்லுகின்றார். காதலிப்போர் மூவர்க்கும் வரலாற்றில் இடமில்லை. இளவரசரும் கார்டினரும் வரலாற்றுப் பெயருடையோர்; அவர்களோ காதற்கதையின் ஓரத்தே நிற்கின்றனர்.

இதற்கு மேலும் வலுவான சான்று ஒன்றுண்டு. வேவர்லி, டால்பட் ஆகியோர் ஒருவரையொருவர் காத்த நிகழ்ச்சி ஸ்காட் புனைந்ததன்று. இன்வர்நஹைல் என்னும் ஊர்க்குரிய ஸ்டூவர்ட் என்பார் பிரஸ்டன்பான்சில் ஒயிட்ஃபோர்டு என்னும் பகைப்படை அதிகாரியைக் காத்ததும், அவ்வதிகாரி பின்னர் அவர்க்காகப் பரிந்து மன்றாடியதும் உண்மை நிகழ்ச்சிகள். அதனை ஸ்காட்டே தம் முன்னுரைப் பகுதியிற் கூறியுள்ளார். செயல் வரலாற்றினின்றும் எடுக்கப்பட்டது. பெயர் மட்டும் வரலாற்றிலேயே விடப்பட்டது.

இங்கு நமக்கு நினைவிற்கு வருவது அன்பின் ஐந்திணை பற்றிய தொல்காப்பியர் விதி. அகத்திணை மாந்தரை இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது. சுட்டின் அது புறமாகிவிடும். நெடுநல்வாடை பிரிவுத் துயரையே பாடினும், வேலில் வேம்பு சூட்டப்பட்ட குறிப்பு ஒன்றினால் பாண்டியனைச் சுட்டியதாகிப் புறமாயிற்று என நச்சினார்க்கினியர் கொண்டமை அறிஞர் அறிவர். அவ்வாறாயின் அகப்பாட்டில் வரலாற்றுக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. பரணர் பாடிய அகநானூற்று 246-ஆம் பாட்டில், பெயரில்லாத் தலைவியைப் பற்றி எழும் அலருக்கு உவமையாக, வெண்ணிப் போரில் கரிகாலன் வென்ற நாளில் அழுந்தூரில் எழுந்த ஆரவாரம் கூறப்படுகின்றது. காதலர் பெயரின்றி நடுவில் நிற்ப, வேந்தர் பெயருடன் உவமையின் எல்லையில் நிற்கின்றனர். 'வேவர்லி'யின் அமைப்பும் இதுவே.

பெயர் பெற்ற காதலர் சிலப்பதிகாரத்தில் உளரே எனின், அங்கும் காதலர் வணிகக் குடியினர். வேந்தர் மூவரும் அவர்தம் வாழ்வைத் தாக்கும் புறநிலை ஆற்றலாகவே வருகின்றனர் என விடை கூறலாம்.

ஜார்ஜ் லூக்காச் என்னும் ஹங்கேரிய அறிஞர், 1936-37-இல் எழுதிய 'வரலாற்றுப் புதினம்' என்னும் நூலில், ஸ்காட்டின் தலைவர்கள் இடைத்தரமான மாந்தர், இருபக்கத்தையும் காணத்தக்க நடுநிலையில் நிற்பவர் எனவும், வரலாற்றுப் பெருமக்கள் கதையில் துணைநிலை பெறுவர் எனவும் விளக்கினார். சமூக ஆற்றல்களின் மோதலைக் காட்ட அவ்வமைப்பு வேண்டப்பட்டது என்பது அவர் கருத்து. அகப்பொருள் மரபு இதனொடு பிறிதொரு காரணத்தையும் கூட்டுகின்றது. பெயரில்லாக் காதலே படிப்போர் தம் காதலாக உணரத்தக்கது. பெயருடைய காதல் அப்பெயரினர்க்கு மட்டுமே உரியது. இளையோர் வேவர்லியாகத் தம்மை எண்ணலாம். இளவரசர் சார்லசாக எண்ணல் அரிது. தாம் நோயுற்றுக் கிடந்த இளமையில் வரன்முறையின்றிக் கதை படித்ததன் நினைவைக் கொண்டே வேவர்லியின் கல்வியை எழுதியதாக ஸ்காட் கூறுதலும் இதனை அரண் செய்யும். கதை படிக்கும் இளையோரையே கதைத்தலைவராக்கி, கதைக்கும் வாழ்விற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களைக்கொண்டே உணர்த்தியமை அவர்தம் நுட்பம்.

6. இந்நாட்டு முதற் புதினங்கள்

இந்நாட்டில் இவ்வகை புகுந்தபொழுது பெயர்நிலை மாறியது. பங்கிம் சந்திரர் வங்கமொழியில் எழுதிய முதற் புதினம் 1865-இல் வெளிவந்த 'துர்கேச நந்தினி'. அதன் காதற்றலைவன் சகத்சிங், அக்பரின் படைத்தலைவர் மான்சிங்கின் மகன், வரலாற்று மாந்தன். கோட்டைத் தலைவனின் மகள் திலோத்தமையை அவன் மணப்பதாகக் கதை முடிகின்றது. ஆயினும் கற்றோர் நெஞ்சில் நிலைத்தவள், பகைவனாகிய கத்லுகானின் மகளாகப் புனையப்பட்டு, கைகூடாக் காதலைத் தாங்கிய ஆயிசாவே. புனைந்த பெயரே காதலின் முழுச்சுமையையும் தாங்க வல்லதாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தமிழில் முதல் வரலாற்றுப் புதினமாகக் கருதப்படுவது, திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி'. தமிழில் முன்மாதிரி இல்லாத காலத்தில் நாயக்கர் வரலாற்றைப் புதினமாக்கத் துணிந்தமை போற்றுதற்குரியது. அவர் காதற்றலைவனாகக் கொண்டது மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரை. ஈண்டே இடர்ப்பாடு எழுகின்றது. தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளைச் சொக்கநாதர் மணம்பேசியதும், மறுக்கப்பட்டதும், 1673-இல் தஞ்சைமேற் படையெடுத்ததும், விசயராகவர் போரில் மாள அரண்மனை மகளிர் அழிந்ததும் வரலாறு. பெயர் சுட்டிய காதலன் இப்பெயருடன் இவ்வனைத்தையும் உடன்கொண்டே வருகின்றான். ஆசிரியர் எதனை எழுதினும் எழுதாதொழியினும், வரலாறறிந்தார் நெஞ்சில் அத்தீயின் புகை எழாதிராது. அறியாத இளையோரோ கதையையே வரலாறெனக் கொள்வர். வரலாற்றறிஞர் கூறும் குறை முழு வலிமை பெறும் இடம் இதுவே.

கல்கி எழுதிய முதல் வரலாற்றுப் புதினமாகிய 'பார்த்திபன் கனவு', 1941-இல் தோன்றிய 'கல்கி' இதழில் தொடராக வந்தது. அதன் காதலராகிய விக்கிரமனும் குந்தவியும் புனைவு மாந்தர். வரலாற்றுப் பெயருடைய நரசிம்மவர்மர் அவர்கட்கு வெளியே நின்று கதையை இயக்குகின்றார். அறிந்து செய்தாரோ இயல்பிற் செய்தாரோ, கல்கி ஈண்டு மேற்கொண்டது ஸ்காட்டின் நெறியேயாம். அந்நூலில் காதலும் வரலாறும் ஒன்றையொன்று நெருக்காமல் இயங்குதற்கு இஃது ஒரு காரணம் எனலாம்.

இளையோர்க்கென்றே எழுதப்பட்ட நூல்களிலும் இதனைக் காணலாம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'கிட்நாப்டு' 1886-இல் சிறுவர் இதழொன்றில் தொடராக வந்தது. கல்லோடனுக்குப் பிற்பட்ட மலைநாடே அதன் களம். தலைவனாகிய டேவிட் பால்பர் புனைவு. அவனுடன் செல்லும் ஆலன் பிரெக் ஸ்டூவர்ட் உண்மையில் வாழ்ந்தவர். அதன் தொடர்ச்சியாகிய 1893-ஆம் ஆண்டுக் 'கத்திரியோனா'வில் காதல் புகுங்காலும், காதலன் புனைவு மாந்தனாகிய டேவிட்டேயன்றி ஆலன் அல்லன்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் வரலாற்றறிஞர் குறையும் திறனாய்வாளர் குறையும் இவ்வகைமேற் சார்த்தத்தக்கன அல்ல, வகையறியாது எழுதப்பட்ட நூல்கள்மேற் சார்த்தத்தக்கன என்பது பெறப்படும். காதலை வாழ்ந்தார்மேல் ஏற்றினால் வரலாறு திரிகின்றது. வரலாற்றைக் காதலர்க்கு ஆடையாக்கினால் காதல் பொய்க்கின்றது. காதலர் புனைவுப் பெயரும் போர் மெய்ப்பெயரும் கொண்டு நிற்ப, போரின் மெய்ம்மை காதலரை மாற்றுமாயின், இரு குறையும் ஒருங்கே நீங்கும். பெயர் பெற்ற காதலர் எல்லாரும் தோற்பர் என்பது நம் கூற்றன்று. அவரைக் கொள்ளும் ஆசிரியர், இறந்தார்க்குக் கடன்பட்டே எழுதுகின்றார் என்பதே கூற்று.

வரலாற்றுக் காதற்கதையை முதன்முறை எழுதப் புகும் இளம் ஆசிரியர் இன்றும் உளர். அவர்தம் நூல்களை மதிப்பிடும் கடமை நம் ஆய்வு மாணவர்க்கு உண்டு. கல்வெட்டுச் சான்று உளதா என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. இக்காதல் எவர் பெயரில் நிகழ்கின்றது, அப்பெயர் அதனைத் தாங்குமா என்று கேட்டல் வேண்டும். பல நூற்றாண்டுகட்கு முன் அகத்திணை வகுத்தார் கேட்ட கேள்வி அது. அதனைப் புதினத்தின்பாற் கேட்கும் தகுதி தமிழ் பயில்வார்க்கு நிரம்ப உண்டு.